குழாய் உதறிய பக்கம்

மோட்டார் போட்டதும் ஆழ்துளைப் போரின் குழாய் வெடுக்கென்று ஒரு திருகு திருகும். அதன்மேல் கை வைத்திருந்தால் அந்தத் திருகல் தோள்பட்டைவரை ஏறும். எங்கள் வீட்டில் அதற்கு ‘ஒதறல்’ என்று பெயர். வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் விவசாயக் காட்டில், மும்முனைக் கரண்ட் வந்ததும் அப்பா ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்துவதற்குள் ஓடிப்போய்க் குழாயைக் கட்டிக்கொள்வதுதான் எனக்கு விளையாட்டு. குழாய் கிழக்கே உதறும், உடனே தண்ணீர் தொட்டியில் கொட்டும்.

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு போராக வற்றிக்கொண்டிருக்க, எங்களுடையது மட்டும் இறைத்தது. அதை நம்பி அப்பா காடு முழுவதும் சின்ன வெங்காயம் ஊன்றியிருந்தார். காய் பிடிக்கும் சமயத்தில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே எலி வயரைக் கடித்துப்போட்டது. மூன்று வயரும் ஒரே நிறம். அப்பாவே முறுக்கி ஒட்டினார். மோட்டார் நன்றாகத்தான் ஓடியது, தண்ணீர்தான் விரல் கனத்துக்கு வழிந்தது.

“அம்மா, குழா மேக்கால ஒதறுதும்மா.”

“தண்ணி இல்லாத போருல காத்து அடிக்குதுடி. நீ வேற, போ அந்தாண்ட!”

ஊர் முழுக்கப் போர் வற்றும்போது எங்கள் போர் வற்றியதில் யாருக்குச் சந்தேகம் வரும்? கல் போட்டு ஆழம் பார்க்கவும் வழியில்லை; உள்ளே இறக்கியிருக்கும் மோட்டாரில் கல் சிக்கிக்கொள்ளும். ஊர்த் தொட்டியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினோம். அத்தனை பெரிய காட்டுக்குக் குடத்துத் தண்ணீர்! பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் ஊற்றினோம். வெங்காயத் தாள் மஞ்சளடித்து மடிந்தது. கடைசியில் அப்பா ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு, “ஆடாவது திங்கட்டும், வுட்டுருங்க” என்றார். அம்மா வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுநாள், விற்றுவிடலாம் என்று மோட்டாரை மேலே தூக்கினார்கள். முதலில் வந்த குழாய்களில் புழுதி ஒட்டியிருந்தது. பாதிக்கு முன்னாலேயே குழாய் ஈரம் சொட்டச்சொட்ட வர ஆரம்பித்தது. தூக்க வந்தவர் கையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

“என்னங்க, தண்ணி இம்புட்டு மேல நிக்குது! வயர மாத்திக் குடுத்துட்டீங்களா? மோட்டாரு தலைகீழா சுத்தியிருக்குங்க.”

இரண்டு வயரை இடம் மாற்றி, மோட்டாரை மறுபடி இறக்கினார்கள். குழாய் கிழக்கே உதறியது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அன்று கரண்ட் போகும்வரை அப்பா மோட்டாரை நிறுத்தவே இல்லை. ஆட்டுக் குளம்புகள் மட்டும் பதிந்திருந்த காட்டில் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருந்தது.

இப்போது நான் பெரம்பலூரில் இயற்பியல் ஆசிரியை. மூன்று வயரிலும் மின்சாரம் முறைபோட்டு ஏறி இறங்குவதால் மோட்டாருக்குள் காந்தப்புலம் சுழல்கிறது, அது நடுவிலிருக்கும் கம்பிகளில் ஓடும் மின்சாரத்தைப் பிடித்துத் தள்ளுகிறது, இரண்டு வயர் மாறினால் தள்ளும் பக்கமும் மாறும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களுக்கு அது ஒரு மதிப்பெண் கேள்வி. எங்களுக்கு அது ஒரு காடு நிறைய வெங்காயம்.

அந்தக் காட்டில் இன்று வானம் பார்த்த மக்காச்சோளம். தொட்டி விரிசல் விட்டுக் கிடக்கிறது, குழாயைக் கட்டிக்கொள்ளப் பிள்ளைகள் யாருமில்லை. போர் வற்றிவிட்டது, இந்த முறை உண்மையாகவே வற்றிவிட்டது. அப்பாதான் நம்பமாட்டேன் என்கிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, “வயர மாத்திப் போட்டுப் பாரும்மா” என்கிறார். பாடமெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்தால் மறுக்க மனம் வருவதில்லை.

மாற்றிப் போடுகிறேன். மேற்கே உதறுகிறது. மறுபடி மாற்றுகிறேன். கிழக்கே உதறுகிறது. அப்பா குழாய் வாயில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்கிறார்.