நாற்பது அவுன்ஸ்

அக்காவைப் பெண் பார்க்க எல்கடுவையிலிருந்து வந்திருந்தார்கள். அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது, அதனால் குசினியில் எல்லாவற்றையும் அளந்துதான் செய்வேன் என்று நின்றாள். போனில் பார்த்த தேசிக்காய்ச் சாற்றுக்கு அளவு அவுன்ஸில் இருந்தது. எங்கள் ஜாடியில் மில்லிதான்.

"ஒரு அவுன்ஸ் முப்பது மில்லிடா. தண்ணி எவ்வளவு?" என்றாள் அக்கா.

"ஆளுக்கு எட்டு. அஞ்சு பேருக்கு நாப்பது அவுன்ஸ்!" என்று கத்தினேன்.

முன்னறையில் பேச்சு நின்றது.

"ஐயோ தம்பி, நாப்பது பவுனா? நாங்க நக கேட்டு வரலீங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அக்காவின் முகம் வெளுத்தது. நான் ஜாடியோடு ஓடினேன்.

"பவுன் இல்லீங்க, அவுன்ஸ்! ஜூஸுக்குத் தண்ணி!"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார்.

"அப்ப சீனி எத்தன பவுன், மச்சான்?"

அந்த 'மச்சான்' குசினி வரை கேட்டது. அக்கா அளவு பார்க்காமலே தேசிக்காய் பிழியத் தொடங்கினாள்.