தீர்த்தம் தெளித்த கேக்

அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி ராயபுரம் வந்தேன். முதல் கிறிஸ்துமஸுக்கே கேக் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானாகத்தான் இழுத்துப் போட்டுக்கொண்டேன். மாமியாரிடம் எப்படியாவது நல்ல பெயர் வாங்க வேண்டும். அதுவரை அவர் சொன்ன ஒரே பாராட்டு, "ரசத்துல உப்பு சரியா கீது" என்பதுதான்.

வீட்டில் அடி கனத்த கண்ணாடிப் பாத்திரம் ஒன்று இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த மாமனாருக்கு ஒரு கப்பல் சமையல்காரர் கொடுத்தது. "நெருப்புல வெச்சாலும் ஒடையாது" என்று மாமனார் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாலும், மாமியார் அதைப் பீரோவில் புடவைகளுக்கு நடுவில்தான் வைத்திருந்தார். நான் கேட்டதும் கொடுத்துவிட்டார். எனக்கே ஆச்சரியம்.

குண்டானில் மணலைக் கொட்டி, மாவு ஊற்றிய பாத்திரத்தை அதில் உட்காரவைத்துக் கரியடுப்பில் ஏற்றினேன். மூடியின் மேலும் தணல் போட்டேன். வாசனைக்குத் தெருப்பிள்ளைகள் ஐந்தாறு பேர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கேக் நன்றாக உப்பி வந்தது. ஈரமில்லாத சாக்கை மடித்துப் போட்டு அதன் மேல்தான் கண்ணாடிப் பாத்திரத்தை இறக்கினேன்.

அந்த வீட்டில் புதிதாக எது வந்தாலும் கோயில் தீர்த்தம் தெளித்தாக வேண்டும். சைக்கிள், தையல் மெஷின், ஏன், கல்யாணத்தன்று வாசலில் நிறுத்தி என் மேலும் தெளித்தார்கள். சூடு ஆறுவதற்குள் மாமியார் தீர்த்த பாட்டிலோடு வந்தார். சிலுவை போட்டு, கை நிறைய ஊற்றி ஒரு தெளி தெளித்தார். டப்பென்று சத்தம். பாத்திரம் நாலைந்து துண்டாகச் சிதறியது. கேக் மட்டும் தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் நடுவில் நின்றது.

மாமியார் கத்தியை எடுத்தார். "ஓரத்த சீவிட்டா போதும். நடுவுல நல்லாத்தானே கீது. புள்ளைங்க காத்துகினு கீதுங்க."

கேக்கின் மேல் அங்கங்கே என்னமோ மின்னியது. சர்க்கரையா கண்ணாடியா, யார் கண்டது? மாமியாரை எதிர்த்தால் நல்ல பெயர் அன்றோடு போச்சு. ஆனாலும் கேக்கைச் சாக்கோடு என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"வேணாம் அத்தை. கண்ணாடித் தூளு கண்ணுக்குத் தெரியாது. ஒரு புள்ள முழுங்கிட்டா இன்னா பண்றது? நான் தரமாட்டேன்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். நாய்கள் வாய் வைக்காமலிருக்கக் கேக்கைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். பிள்ளைகளுக்குக் கடை பன்தான் கிடைத்தது. மாமியார் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

மறுநாள் கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். "புது மருமவ செஞ்ச கேக்கு எங்க?" என்று நாத்தனார் கேட்டார்.

மாமியார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "சூட்டுல தண்ணி தெளிச்சு நான்தான் ஒடைச்சிட்டேன். சீவிக் குடுக்கவும் பாத்தேன். இவ தரமாட்டேன்னு நின்னா. நின்னதாலதான் புள்ளைங்க இன்னிக்கி ஓடியாடிகினு கீதுங்க."

நான் அடுப்பங்கரைக்குள் போய்ச் சந்தோஷத்தில் அழுதேன்.