தம்பியை அடித்த கையும் கங்கையம்மன் தந்த பதிலும்

அம்மனை நம்பும் சொந்தங்களே, நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. போன ஆடியில், மூன்றாம் வெள்ளிக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு, கூடப் பிறந்த தம்பியைக் கொல்லப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் பெயர் தனசேகர். திருப்புலிவனம் பக்கம் மூன்று ஏக்கர் நெல் பயிர் செய்கிறேன். தம்பி குமரேசனுக்குத் தலைக்குள் குரல் கேட்கும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மனநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வருஷம் ஒழுங்காகச் சாப்பிட்டான். நன்றாக இருந்தான், டிராக்டர் ஓட்டினான். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. வெட்கம். கேட்டவர்களிடம் சுகர் மாத்திரை என்று புளுகினேன்.

ஆடித் திருவிழாவில் அவன் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டதும் நான்தான். காப்பு கட்டினால் பத்து நாள் விரதம். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மாத்திரை போட்டால் விடியற்காலைக் குளியலுக்கு எழுந்திருக்க மாட்டான். "காப்பு கட்னவன் அம்மா புள்ளடா. இனிமே மாத்திர இன்னாத்துக்கு?" என்று அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தேன். அதைப் பக்தி என்று நினைத்தேன். வடிகட்டின முட்டாள்தனம்.

நாலாம் நாளிலிருந்து அவனுக்குத் தூக்கம் போனது. ஆறாம் நாள் சோற்றைத் தொடவில்லை, விஷம் என்றான். எட்டாம் நாள் மோட்டார் ரூம் பக்கம் அருவாளோடு வந்தான். "கெணத்துல வெஷம் கலந்துட்டியே" என்று ஒரே வெட்டு. என் இடது தோள் பிளந்தது. சட்டையெல்லாம் ரத்தம். அங்கே கிடந்த மம்பட்டிக் காம்பை எடுத்து அடித்தேன். அருவாள் விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வலது முழங்கையில் அடித்தபோது எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அப்புறமும் முதுகில், வாயில் என்று அடித்தேன். அத்தனை நாள் பயமும் வெட்கமும் என் கையில் வெறியாக ஏறியிருந்தன. கூட்டம் கூடி அவனை மாட்டுக் கயிற்றால் வேப்ப மரத்தில் கட்டியது. "பேய் கீது, இன்னும் ரெண்டு போடு, எறங்கிடும்" என்றார்கள். போட்டேன்.

வாயில் ரத்தம் ஒழுக அவன் என்னைப் பார்த்தான். "அண்ணா, தலையிலயே போட்டுடு. உள்ள சத்தம் நிக்க மாட்டேங்குது."

காம்பை ஓங்கிவிட்டேன். சத்தியமாக ஓங்கிவிட்டேன். அப்போதுதான் எனக்குள் கதறினேன். தாயே, என் கையால் இவன் சாகக் கூடாது.

பின்னாலிருந்து யாரோ காம்பைப் பிடித்தார்கள். பூசாரி ஏழுமலை. என்னோடு படித்தவன், தம்பிக்குக் காப்பு கட்டியவனும் அவனே. "இன்னாடா பண்ணிக்கினு கீற?" என்றான். மாத்திரையை எறிந்ததை அவனிடம் அழுதுகொண்டே சொன்னேன். முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவன் கயிற்றை அறுத்தான்.

"ஏத்துடா வண்டில. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"காப்பு கட்டிக்கினு எல்லைய எப்படிடா தாண்டறது?"

"என் கையிலயும்தான் காப்பு கீது. அம்மா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். ஏறு."

ஊரே பார்க்க, பூசாரி காப்போடு எல்லையைத் தாண்டினான். குமரேசன் தலை அவன் மடியில் இருந்தது. நான் கேட்டதற்கு அம்மன் தந்த பதில் அதுதான்.

எனக்குப் பதினோரு தையல். தம்பி தெளிய மூன்று வாரம் ஆனது. தெளிந்ததும், கை எப்படி முறிந்தது என்று மனநல டாக்டரம்மா அவனைக் கேட்டார். "வரப்புல வழுக்கி வுழுந்துட்டேன் மேடம்" என்றான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "நான்தாம்மா அடிச்சேன்" என்றேன். அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "நீங்க நல்லாத் தூங்கி எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். இப்போது மாதாமாதம் இருவரும் போகிறோம். அவன் மாத்திரைக்கு, நான் என் கோபத்துக்கு. என் கோபத்துக்கு ஒதுங்கியே இருந்த மனைவியும் இப்போது பயமில்லாமல் என்னோடு பேசுகிறாள்.

சொந்தங்களே, அம்மனை நம்புங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள், நோயை மறைக்காதீர்கள். வெளியே சொல்ல வெட்கமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வண்டியை நான் ஓட்டுகிறேன். குமரேசன் உங்கள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வான். வலது கையை இன்னும் முழுதாக நீட்ட முடியாது, இடது கை நன்றாக இருக்கிறது.