மாதாவின் நீலச் சேலை

சப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் வாரம் ஏழு நாளும் அரைப்பட்டினிதான். அதிலும் எங்கள் அப்பா வெள்ளிக்கிழமையைத் தனியாக எடுத்துவைத்து ஒருசந்தி விரதம் பிடிப்பார். மலாயாவில் குருண் ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட மாதா கோயிலுக்கு அவர்தான் உபதேசியார். பாதிரிச் சாமியார் வந்துபோக வழியில்லாததால் செபம், பிரசங்கம், மணியடிப்பது எல்லாமே அவர் பொறுப்பு. கடவுளுக்குக் காணிக்கையைவிட இரக்கம்தான் பெரிது என்று அவர் பிரசங்கம் செய்யாத ஞாயிறு கிடையாது. கால் கழுவாமல் கோயிலுக்குள் ஏறினால் மட்டும் நம் முதுகுத்தோல் உரிந்துவிடும்.

கோயிலின் ஒரே சொத்து மாதாவின் பட்டுச்சேலை. நீல நிறம், சரிகைக் கரை. சப்பான் சண்டைக்கு முன்னால் பினாங்கில் வாங்கியது. வருடத்தில் ஒரு நாள், மாதா பிறந்த திருநாளன்று, அப்பா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் தகரப் பெட்டியைத் திறந்து அதை எடுத்து மாதாவுக்குச் சாத்துவார். மற்ற நாளில் அந்தப் பெட்டியை நான் தொட்டுப் பார்த்தாலே அவருக்கு ஆகாது.

எனக்கு அப்போது எட்டு வயது. துணிக்குக் கடும் பஞ்சம். ஆண்கள் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனார்கள். பிறகு சாக்கும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஓர் அத்தை இருந்தார். சொந்தமில்லை, மாரியம்மனைக் கும்பிடுகிறவர், ஆனாலும் அத்தைதான். புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இருந்த ஒரே சேலையும் கந்தலாகிப் போனதும், மானத்துக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தார். தோட்டத்து ஆபீசில் ஆள் நேரில் போய் நின்றால்தான் அரிசி. அம்மா எங்கள் மரவள்ளிக்கிழங்கில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனாலும் அத்தையின் கைப்பிள்ளை அழும் சத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

திருநாளன்று சப்பரம் தயார். ஜனமெல்லாம் கோயில் வாசலில் நின்றது. அப்பா பெட்டியைத் திறந்தார். உள்ளே கற்பூர வாசம் மட்டும்தான் இருந்தது.

"நான்தான் எடுத்தேன்," என்றார் அம்மா. "இன்னிக்கு அரிசி போடுற நாளு. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் கட்டிவிட்டு, எல்லாரும் வாங்கினப்புறம் கடைசியா போயி நில்லுன்னு அனுப்பிட்டேன்."

"அடிப்பாவி! மாதா சேலைடி அது!"

"மாதாவும் பிள்ளை பெத்தவங்கதானே லா. கோவிச்சுக்க மாட்டாங்க."

அப்பா விடுவிடுவென்று ஆபீஸ் பக்கம் நடந்தார். "புடிச்சு வாங்குங்க உபதேசியாரே, தீட்டாயிடும்!" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் பின்னாலேயே ஓடினோம். நடுரோட்டில் அத்தையின் மானம் போகப்போகிறது என்று எனக்குப் பயமாக இருந்தது.

கித்தா மரங்களின் நிழலைத் தாண்டி அத்தை வந்தார். இடுப்பில் பிள்ளை, கையில் அரிசி முடிச்சு, உடம்பெல்லாம் அந்த நீலம். வெயில் பட்டுச் சரிகை பளிச்சென்று மின்னியது. அம்மாடி! மாதாவே அரிசி வாங்கிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து என் கை தானாகக் குவிந்துவிட்டது.

கூட்டத்தைக் கண்டதும் அத்தை அரிசி முடிச்சைப் பிள்ளையோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"அண்ணே, இந்த ஒரு வாட்டிதான் கட்டிக்கிட்டேன். வீட்டுக்குள்ள போனதும் அவுத்துக் குடுத்துர்றேன். அரிசிய மட்டும் வச்சுக்கவா?"

பிள்ளை சரிகைக் கரையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

"அவுக்க வேணாம் தங்கச்சி. அது ஒனக்குத்தான். போயி பிள்ளைக்குக் கஞ்சி வை."

சிலர் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வருடம் மாதா சேலையில்லாமல், சாயம் உதிர்ந்த மரச்சிலையாகவே சப்பரத்தில் வந்தாள். எங்களைப் போன்ற வேதக்காரர்கள் வீட்டு வாசலில் மட்டும்தான் சப்பரம் நிற்கும். அது அப்பா போட்ட சட்டம். அன்று அத்தை வீட்டு வாசலில் அவரே கையைத் தூக்கி நிறுத்தினார். கதவு திறந்து கிடந்தது. உள்ளே அத்தை நீலச் சேலையோடு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

அப்பா மண்ணில் முழங்காலிட்டார். நாங்களும் முழங்காலிட்டோம். செபம் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன்: சப்பரம் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது, அத்தை வீட்டுக் கதவுதான் நேரெதிரே இருந்தது. பசி மயக்கத்தில் பாவம், திசை தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் தோளைத் தட்டினேன்.

"அப்பா, மாதா பின்னால இருக்காங்க."

அவர் திரும்பவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் அப்பா தப்பான பக்கம் பார்த்துச் செபம் சொல்கிறாரே என்று எனக்கு ஒரே வெட்கமாகப் போய்விட்டது.