கரியனும் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளும்

ஆட்டுப் பண்ணை வேலை என்றால் ஆடுகளைப் பார்த்துக்கொள்வது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். ஆடுகளைப் பார்க்க வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அதில் பெரிய பாதி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மலேசியாவின் கோப்பெங்கிலிருந்து உள்ளே போகும் சாலையில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் எங்கள் பண்ணை இருக்கிறது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு அதே நிலத்தில்தான் நான் பால்மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தேன். இப்போது அங்கே முப்பத்தெட்டு ஆடுகள், நான்கு மாடுகள், கொஞ்சம் வாத்துகள். வாத்துகள் ஓரிடத்தில் நிற்பதில்லை, அதனால் அவற்றின் எண்ணிக்கையை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். பண்ணை சாந்தியுடையது. என்னைவிட இருபது வயது இளையவள். வாரநாளில் பாலும் ஆடும் விற்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் வந்து புல் கொடுத்து, பால் கறந்து பார்த்துவிட்டுப் போகும்.

எனக்குப் புது ஆட்களிடம் பேசக் கூச்சம். முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துத்தான் பேசுவேன். அதனால் இங்கே வருகிற ஈப்போ நகரத்துக்காரர்களின் சப்பாத்துகள் எனக்கு நன்றாகத் தெரியும். கடையிலோ ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ, எங்கேயாவது வருகிற ஆட்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர்களே, நீங்கள் படித்தால் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பால் புட்டி

எங்கள் ஆட்டுக்குட்டி கரியனின் தாய் அவனை ஈன்ற அன்றே செத்துப்போனது. நான்தான் புட்டிப் பால் கொடுத்து வளர்த்தேன். மூன்று மாதத்தில் நிறுத்தியிருக்க வேண்டிய புட்டி. ஆனால் குட்டி ஆடு புட்டியில் குடிப்பதைப் பார்க்கவே பிள்ளைகள் வந்தார்கள். எனவே அவன் கொம்பு முளைத்த கிடாவான பிறகும், தண்ணீர் கலந்த பாலைப் புட்டியில் குடித்துக்கொண்டே இருந்தான். இழுக்கிற இழுப்பில் புட்டியோடு பிள்ளையும் போய்விடும். பிள்ளையின் இடுப்பை நான் பிடித்துக்கொள்வேன்.

ஒருநாள் ஈப்போவிலிருந்து வந்த ஓர் அம்மா, தன் மகளிடம் புட்டியைக் கொடுத்துவிட்டு நேரம் பார்த்து உபதேசம் ஆரம்பித்தார். "பாத்தியா? ஒரு சொட்டு வைக்காம குடிக்குது. நீ காலையில அரை கப் பாலுக்கு எவ்வளவு அழுவுற?" அந்தப் பெண்ணுக்கு ஏழு வயதிருக்கும். புட்டியை விடாமல், அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"அதுக்கு டியூசன் இல்ல லா அம்மா, அது ஆற அமர குடிக்கலாம்."

எத்தனை கிலோ வரும்?

எங்களுடையது பொம்மைப் பண்ணை இல்லை. பெட்டை ஆடுகள் பாலுக்கு, கிடாக்கள் கறிக்கு. வருகிற குடும்பங்களுக்கு இது தெரியும். ஆனாலும் பாதிப் பேர் தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள். அதில் தப்பில்லை. நானும் கரியன் விஷயத்தில் அப்படித்தான் இருந்தேன். கடைசியில் ஒருநாள் சாந்தியிடம் கேட்டே விட்டேன். "கறிக்கு அவன விக்க மாட்டேன் அக்கா. ஆனா சாமிக்குன்னு யாராவது வந்து கேட்டா, என் வாயால இல்லைன்னு சொல்ல முடியாது" என்றாள்.

இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. கரியன் உடம்பில் ஒரு வெள்ளை முடிகூடக் கிடையாது. முனியாண்டிக்கு நேர்ந்துகொள்கிறவர்கள் இந்த மாதிரிக் கிடாவைத்தான் தேடி அலைவார்கள். அன்றிலிருந்து அவன் பக்கத்தில் யார் வந்து நின்றாலும் நானும் போய் நின்றுகொள்வேன். தஞ்சோங் மாலிமிலிருந்து ஒருவர் வந்தார், கார் தொழிற்சாலையில் வேலையாம். அவருடைய பிள்ளைகள் இரண்டும் கரியனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றன. அவர் கையோ கரியனின் முதுகெலும்பை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. "அக்கா, இது எத்தனை கிலோ வரும்?" என்றார். அவருடைய சப்பாத்தைப் பார்த்தபடி, "இது விற்பனைக்கு இல்லைங்க" என்றேன். அவர் மனைவி அவர் கையைத் தட்டிவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"புள்ளைங்க முன்னாடியா கேப்பீங்க? வீட்டுக்குப் போயி போன் போட்டுக் கேளுங்க."

மிச்சமிருந்தவர்

சாயங்காலம் கொட்டகையை அடைக்கும்போது ஆடுகளை எண்ணுவேன். தோட்டத்தில் விடியலில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் பெரட்டு இருக்குமே, அந்தப் பழக்கம். ஒரு ஞாயிறு எண்ணிக்கை சரியாக இருந்தது, ஆனால் கொட்டகைக்குள் கூடுதலாக ஒரு மனிதர் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புல்கட்டின் மேல் உட்கார்ந்து ஒரு பெட்டை ஆட்டுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார். சித்தியவானிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்த குடும்பத்தின் பெரியவர். முதல் வேன்காரர்கள் அவர் இரண்டாவதில் இருப்பதாகவும், இரண்டாவது வேன்காரர்கள் முதலாவதில் இருப்பதாகவும் நினைத்துக் கிளம்பிவிட்டார்கள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. சாந்தி போன் செய்தால் எதிர்முனையில் ஒரே கூச்சல். ஒரு வேன் இன்னொரு வேனைத் திட்டுகிறது. "ஐயா, திரும்பி வந்துகிட்டு இருக்காங்களாம், ஒரு மணி நேரம் ஆகுமாம், பயப்படாதீங்க" என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருக்குப் பயப்படுகிற முகமே இல்லை.

"மெதுவா வரட்டும்மா. மத்தியானத்துல இருந்து ரெண்டு மருமகளும் சண்டை, இங்கதான் கொஞ்சம் காதுக்கு நிம்மதியா இருக்கு. இன்னொரு கட்டுப் புல்லு குடு."

வெள்ளை முடி

நான் பயந்த ஆள் கடைசியில் வந்தார். செல்வம் என்று பெயர், பஸ் ஓட்டுகிறவர். மனைவி மாலா, மூன்று பிள்ளைகள், சோற்றுப் பொட்டலம் எல்லாவற்றோடும் நாள் முழுக்க இருக்கிற மாதிரி வந்தார்கள். மாலாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேசன் நடந்து, பிழைத்து எழுந்ததே பெரிய விஷயமாம். பிழைத்தால் கறுப்புக் கிடா தருகிறேன் என்று செல்வம் முனியாண்டிக்கு நேர்ந்திருந்தார். மாலா இன்னும் மெலிந்துதான் இருந்தார். குனியும்போது கையை வயிற்றில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்த பிறகு எனக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

செல்வம் போன் விளக்கைப் போட்டுக்கொண்டு கரியனின் முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தார். காதுக்குப் பின்னால், வாலுக்குக் கீழே, குளம்புக்கு மேலே. ஒரே ஒரு வெள்ளை முடி இருந்துவிடக் கூடாதா என்று நானும் கூடவே தேடினேன். இல்லை என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து என்னையே கேட்டார்: "அக்கா, நீங்க வளத்தவங்க, நீங்களே சொல்லுங்க. எங்கயாவது வெள்ளை இருக்கா?" சாமி காரியத்தில் எப்படிப் பொய் சொல்வது? இல்லை என்றேன். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை பண்ணை அலைஞ்சேன் தெரியுமாக்கா? சாமியே சொல்லி உங்ககிட்ட வளக்க விட்ட மாதிரி இருக்கு!"

உத்தரவு

அடுத்த ஞாயிறு காலை செல்வம் லோரியோடு வந்தார். நான் இல்லாமல் கரியன் லோரியில் ஏற மறுத்துவிட்டான். அதனால் நானும் ஏறினேன். கோயில், பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய்ப்பனை வரிசைகளுக்கு நடுவே இருந்தது. கரியனுக்கு மாலை போட்டுக் கயிற்றை என் கையிலேயே கொடுத்தார்கள். வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பூசாரி ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். ஆடு உடம்பை உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். உதறாமல் வெட்ட மாட்டார்கள்.

முதல் சொம்பை ஊற்றினார். கரியன் அசையவில்லை. இரண்டாவது சொம்புக்குக் கழுத்தை நீட்டிக் கொடுத்தான். மூன்றாவதற்குக் கண்ணை மூடிக்கொண்டு, நனையாத பக்கத்தைப் பூசாரிக்குத் திருப்பிக் காட்டினான். உறுமி அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மாலா அழ ஆரம்பித்தார். "சாமிக்கு எம்மேல என்ன கோவம்? மறுபடியும் ஏதாவது வந்துருமா?" என்று செல்வத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

காரணம் எனக்குத் தெரியும். பண்ணையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெயில் நேரத்தில், பிள்ளைகள் வரிசையில் நின்று குவளையால் மொண்டு ஊற்றி அவனைத் தேய்த்துக் குளிப்பாட்டுவார்கள். அது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். கிடா கிடைத்த சந்தோஷத்தில் செல்வம் குடும்பம் அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்பே கிளம்பிவிட்டதால் அவர்கள் இதைப் பார்க்கவில்லை. இதைச் சொன்னால், 'அப்படியானால் தோஷம் ஒன்றுமில்லை, நடக்கட்டும்' என்று கத்தியை எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். சொல்லாமல் இருந்தால் அவன் பிழைப்பான். ஆனால் அந்தப் பெண் ஒவ்வொரு வயிற்று வலிக்கும் பயந்தே செத்துப்போவாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூட்டத்தின் நடுவில் வாயைத் திறந்தேன். "சாமி கோவமெல்லாம் இல்லம்மா. வாராவாரம் பிள்ளைங்க வரிசையில நின்னு இவனக் குளிப்பாட்டுவாங்க. இப்பவும் குளிப்பாட்டத்தான் கூட்டியாந்தோம்னு நெனைச்சுக்கிட்டு நிக்கிறான்."

பூசாரி சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கரியனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "காரணம் எதுவா இருந்தாலும் உதறல. உதறாத கிடாவ நான் தொட மாட்டேன். கொண்டாந்த சேவல் போதும். இத சாமி பேர்ல உசுரோட விட்டுடுங்க, நேர்ந்துக்கிட்டது தீர்ந்துச்சு" என்றார். மாலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கரியன் நெற்றியில் திருநீறு பூசினார். நான் கயிற்றைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்வம் எங்கள் இருவரையும் லோரியில் ஏற்றிப் பண்ணைக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது மாலா சொன்னார்:

"இனிமே இது சாமி ஆடுக்கா, யாருக்கும் குடுத்துறாதீங்க. ஆனா குளிப்பாட்ட எங்க புள்ளைங்க வந்தா மட்டும் வரிசையில நிக்க வைக்கக் கூடாது, சரியா?"

இப்போது அவனை விற்கவும் முடியாது, முட்டினால் அதட்டவும் முடியாது. சாமி பெயரைச் சொல்லி வேலை செய்யாமல் உட்கார்ந்து சாப்பிடும் ஒருவனுக்குப் புல் வெட்டிப் போடுகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் சந்தோஷம் அவர்களுக்குத்தான் புரியும்.