பிள்ளைகளின் குரலுக்கு ஒரு பேக்கப்

மேலகரத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. என் மனைவி பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். காது சரியாகக் கேட்காத பிள்ளைகளும், பேச்சு வரத் தாமதமாகிற பிள்ளைகளும் அவளிடம் வருவார்கள். கீழே முன்னறைதான் அவளுடைய பயிற்சி அறை.

புதிதாக ஒரு பிள்ளை வந்தால் முதல் நாளே அதன் குரலை ஒரு நிமிடம் பதிவு செய்துவிடுவாள். பேச்சே வராத பிள்ளையாக இருந்தாலும் செய்வாள். மூச்சோ, முனகலோ, அழுகையோ, எது வருகிறதோ அது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு பதிவு. ஒரு வருடம் நடந்து களைத்துப்போன தாய், "ஒரு முன்னேற்றமும் தெரியலையே டீச்சர்" என்று உட்காரும்போது முதல் நாள் பதிவைப் போட்டுக் காட்டுவாள். கூடவே இருப்பவர்களுக்குப் பிள்ளை வளர்வது தெரியாது என்பாள்.

எட்டு வருடப் பதிவுகள் அவளுடைய லேப்டாப்பில் இருந்தன. அதில் மட்டும்தான் இருந்தன.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்து, எங்கள் பக்கமும் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். லேப்டாப் திறக்கவில்லை. உள்ளேயிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் சீராக வந்தது. ஹார்ட் டிஸ்க் போகும்போது வருகிற சத்தம். எத்தனையோ பேருக்குப் போனில் அதை விளக்கியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில், அவர்களிடம் முதலில் கேட்கிற கேள்வியையே அவளிடமும் கேட்டுவிட்டேன்.

"பேக்கப் இருக்கா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அத நீங்கதான சொல்லணும்."

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நான் எங்கேயாவது எடுத்து வைத்திருப்பேன் என்றுதான் நினைத்திருக்கிறாள். யார் யாருடைய சர்வருக்கெல்லாமோ காவல் இருப்பவன் வீட்டு லேப்டாப்பை விட்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திருநெல்வேலியில் கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து ஃபைல்களை மீட்டுக் கொடுக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"பாதிதான் வந்திருக்கு தம்பி. பேரெல்லாம் போயிட்டு. வெறும் நம்பராத்தான் கெடக்கு. எது யாருதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மீட்ட ஃபைல்களை நான் ஒவ்வொன்றாகத் திறப்பேன். அவள் காதில் ஹெட்போன் வைத்துக் கேட்டு யாரென்று சொல்வாள். நான் பெயரை அடிப்பேன். பாதிப் பதிவுகளில் பேச்சே கிடையாது, இதை எப்படி அடையாளம் காணப்போகிறாள் என்று நினைத்தேன்.

முதல் ஃபைல் ஓடி இரண்டு விநாடி ஆகியிருக்காது. பெயரைச் சொன்னாள். அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு பதிவில் மூச்சு விடுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது. ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதிலும் வைத்துக் கேட்டேன்.

"இத வச்சு எப்படிச் சொல்லுத?"

"மூச்ச இழுக்கும்போது கடைசியில லேசா ஒரு விக்கல் வருது பாருங்க. அவளுக்கு அப்பம் அப்படித்தான் வரும்."

சில குரல்களுக்கு அவள் முகம் மலர்ந்தது. இரண்டு மூன்று குரல்களுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்றை மட்டும் கண்டுபிடிக்க முடியாமல் பல தடவை கேட்டாள். கடைசியில், பின்னால் கேட்ட தாயின் வளையல் சத்தத்தைக் கொண்டு கண்டுபிடித்தாள். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தும் அவள் செய்கிற வேலை என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பெயரையும் எழுத்துப் பிழை இல்லாமல் அடிப்பது ஒன்றுதான் நான் செய்யக்கூடியதாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

திரும்பி வராத பதிவுகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதினாள். அந்தப் பெற்றோர்களுக்கு அவளே போன் செய்தாள். "நான் சொல்லுதேனே, என் தப்புதான" என்றேன். "அவங்க என்னை நம்பித்தான தந்தாங்க" என்று போனை எடுத்துக்கொண்டாள்.

வடகரையில் இருக்கும் ஒரு தாய், "என் போன்ல கெடக்கு டீச்சர். நீங்க எடுக்கும்போது நானும் பக்கத்துல இருந்து எடுத்தேம்லா" என்று அன்றைக்கே அனுப்பிவைத்தார். இன்னொருவர் சிரித்தாராம். "போனா போட்டும் டீச்சர். அந்தச் சத்தத்த நான் மறுபடி கேக்காண்டாம். இப்பம் வாய் ஓயாமப் பேசுதா, அது போதும்." ஒரு அப்பா மட்டும் சரி என்ற ஒரே சொல்லோடு போனை வைத்துவிட்டார். அந்தப் பெயருக்கு நேரே நோட்டில் அவள் ஒரு கோடு போட்டு வைத்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் பேக்கப் மென்பொருள் தேடினேன். இலவசமானதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பயிற்சி அறையில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் பெற்றோர் கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். மாதாமாதம் சந்தா கட்டுகிற எதுவும் அங்கே நிலைக்காது.

முதலில் கம்பெனி சர்வருக்குச் செய்வதுபோலவே செய்தேன். மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு அதை ஒரு சிறிய சர்வர் ஆக்கினேன். அதில், யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு திறமூல மென்பொருள். மாறியதை மட்டும் எடுக்கும், சுருக்கி வைக்கும், பூட்டி வைக்கும், தானாக ஓடும். கட்டளைகளைக் கையால் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். நான்கு நாள் உட்கார்ந்து அதை முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன்.

பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "சரி. நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நான் ஒரு ஃபைல எடுத்துப் பாக்கேன்" என்றாள்.

எதை எதை அடிக்க வேண்டும் என்று தாளில் எழுதிக்கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். அரை மணி நேரம் கழித்து வந்தபோதும் அவள் கறுப்புத் திரையின் முன்னால்தான் இருந்தாள்.

"என்னமோ இல்லைன்னு சொல்லுது. எது இல்லைன்னு சொல்ல மாட்டேங்குது."

நான் குனிந்து ஒரு எழுத்தைத் திருத்தினேன். ஃபைல் வந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் இல்லை.

"நீங்க இல்லாதப்ப நான் எப்படி எடுப்பேன்?"

நான் சென்னைக்குப் போகிற நாட்களைத்தான் சொன்னாள். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. நாற்பத்தாறு வயதில் சர்க்கரை மாத்திரை போட ஆரம்பித்திருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் புரிந்திருக்க வேண்டும். "ஐயே, நான் அதுக்குச் சொல்லல" என்று என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். ஆனால் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் கூடாதுதான்.

அதனால் அவளுக்காகத் தேட ஆரம்பித்தேன். ஒன்று பார்க்க அழகாக இருந்தது. காலண்டரில் தேதியைத் தொட்டால் அன்றைய ஃபைல்கள் வரும். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம், தொழிலுக்கு ஆகாது என்று நிபந்தனையில் போட்டிருந்தார்கள். "யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன். "சும்மா குடுக்கவங்க ஒண்ணே ஒண்ணுதான கேக்காங்க. அதக் கேப்போமே" என்றாள். அதை அழித்தேன். இன்னொன்று நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் எடுத்து வைத்ததையெல்லாம் தனக்கு மட்டுமே புரிகிற ஒரே பெரிய ஃபைலாகக் கட்டி வைத்தது. நாளைக்கு அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் கைவிட்டுவிட்டால் அந்த மூட்டையை யார் பிரிப்பது?

கடைசியில் அவளுடைய புது லேப்டாப்புக்கு எளிமையான ஒன்றைப் போட்டேன். அதுவும் திறமூலம்தான். ஃபைல்களை அப்படியே, அதே பெயரில், சர்வரில் தேதி போட்ட ஃபோல்டருக்குள் நகல் எடுத்து வைக்கும். இடம் அதிகம் பிடிக்கும். கெட்டிக்காரத்தனம் எதுவும் கிடையாது. ஃபோல்டரைத் திறந்தால் பிள்ளையின் பெயர் இருக்கும், தொட்டால் குரல் வரும். படிக்குக் கீழே இருக்கும் சர்வரைக் காப்பதற்கு மட்டும் என்னுடைய கறுப்புத் திரையை வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வெளியே ஒரு நகல் வேண்டுமே என்று செங்கோட்டையில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டு பீரோவில் பூட்டுப் போட்ட இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றை வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போகும்போது ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கி வருவோம். "பிள்ளையளு பட்டுச் சேலைக்கு நடுவுலதான் இருக்கு, ஈரம் படாது" என்பார் அக்கா.

டிஸ்க்கின் பாஸ்வேர்டை என் மனைவிதான் தேர்ந்தெடுத்தாள். அவள் கையால் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள்.

போன மாதம் மூன்று நாள் சென்னைக்குப் போயிருந்தேன். இரண்டாம் நாள் மீட்டிங்கில் இருந்தபோது அவளிடமிருந்து இரண்டு அழைப்புகள். எடுக்க முடியவில்லை. பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. மனசு கேட்காமல் வராந்தாவுக்கு வந்து கேட்டேன்.

ராயகிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு தாய், இனி வரவில்லை என்று சொல்ல வந்திருக்கிறார். முதல் நாள் பதிவைப் போட்டுக் காட்டலாம் என்று தேடினால், லேப்டாப்பில் அந்தப் பிள்ளையின் ஃபோல்டரே இல்லை. முந்தின வாரம் பழையதை ஒழுங்குபடுத்தும்போது கை தவறி அழித்துவிட்டாளாம். பேக்கப்பில் பத்து நாளுக்கு முந்தைய தேதியைத் திறந்து எடுத்திருக்கிறாள்.

"ரெண்டு தடவ உங்களுக்கு அடிச்சேன். நீங்க எடுக்கல. சரின்னு நானே பாத்து எடுத்துட்டேன்" என்றது அவள் குரல். "அவங்க அம்மா, சாருக்கும் அனுப்புங்கன்னு சொன்னாங்க. கேளுங்க."

அடுத்து ஒரு பிள்ளையின் குரல். ம்ம், ம்ம் என்று மூக்கால் வந்த ஒரு முனகல், அவ்வளவுதான். சின்ன இடைவெளி. பிறகு அதே பிள்ளை, இன்றைக்கு: "அம்மா... பத்து... போவும்." பஸ் போய்விடுமே என்கிற கவலை போலிருக்கிறது. அந்தத் தாய் அழுவதும் சிரிப்பதுமாகப் பின்னால் ஏதோ சொன்னது தெளிவாகக் கேட்கவில்லை.

உடனே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அடுத்த வாரம் வாறாங்களாம்" என்றாள்.

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"அடுத்த பிள்ள வந்து உக்காந்திருக்கு. பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.