அப்ரோஸ் பேகத்தின் ஐந்து தொட்டில்கள்

ராஜபாளையத்தில் அந்தத் தெருப் பெண்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளையை யாரிடம் விடுவது என்றால் ஒரே பதில்தான்: அப்ரோஸ் பேகம். அவள் வீட்டு உத்தரத்தில் ஐந்து சேலைத் தொட்டில்கள் தொங்கின. எந்தப் பிள்ளைக்கு இட்லியைப் பாலில் பிசைய வேண்டும், எது காதைத் தடவினால்தான் தூங்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அவள் பெற்ற பிள்ளை நாற்பதாம் நாளே தங்காமல் போயிற்று. அதன்பின் ஆறு மாதம் அவள் அவளாக இல்லை. புருஷன் ஹபீப் ரகுமான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பதினோரு வருஷமாக மாதம் ஒருதரம் பஸ் ஏறி அங்கேயே மாத்திரை வாங்குகிறாள். உள்ளூரில் வாங்கினால் நாலு பேர் பார்ப்பார்களே. ஒரு நாளும் தவறவிட்டதில்லை. அந்த மாத்திரையால்தான் தேறினாள், பிள்ளைகளைத் தூக்கினாள். புருஷனுக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

போன வருஷம் அந்த ஆஸ்பத்திரியில், ஆதாரோடு கைரேகை வைத்தால் வரிசையில் நிற்க வேண்டாம் என்றார்கள். பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டு வந்த அவசரம். வைத்துவிட்டாள்.

இந்தத் தை மாதம் வீட்டுக்கு வீடு சுகாதாரக் கணக்கெடுப்பு நடந்தது. தொடுதிரை டேப்லெட்டோடு வந்தவள் சிவரஞ்சனி. அவள் பிள்ளை அப்போது மூன்றாம் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

"சர்க்கரை, பிரஷர் இருக்காக்கா?"

"ஒண்ணும் கிடையாதும்மா."

ஆதார் எண்ணைத் தட்டிய சிவரஞ்சனி திரையையே பார்த்தாள். "மனநலப் பிரிவுன்னு வருதேக்கா. மாத்திரை பேருகூட இருக்கு."

அப்ரோஸ் திரையை எட்டிப் பார்த்தாள். "அது ஒனக்கு எப்படித் தெரியுது? டாக்டர்ட்ட மட்டும்தான சொன்னேன்."

"எல்லாம் இதுல வந்துரும்க்கா. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியமா."

சொல்லவும் இல்லை, பாவி. மறுநாள் தன் பிள்ளையை மட்டும் கொண்டுவரவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் வாயைத் திறக்காமல் நின்றாள். அது போதாதா? கணக்கெடுக்கிறவளே பிள்ளையை நிறுத்திவிட்டாள் என்றால் மற்றவர்கள் விடுவார்களா? ஒரே வாரத்தில் நாலு பேரும் நிறுத்தினார்கள். தன் பிள்ளையின் பால் புட்டியை வாங்க வந்த இருளம்மாள் வாசலைத் தாண்டாமல் கையை நீட்டினாள்.

"தப்பா நெனைக்காதீயக்கா."

இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை மேல் ஒரு கீறல் பட்டதுண்டா? அதை எந்த டேப்லெட்டில் தட்டிப் பார்ப்பது? அப்ரோஸ் அன்று சோறு பொங்கவில்லை.

மாத்திரை வாங்கும் நாள் வந்தது. "கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் ஹபீப்.

"போகலங்க. போனாத்தான எழுதுவாக. நாலு மாசம் நான் வரலன்னா எம்பேர அழிச்சிருவாக. பொறவு பிள்ளைகள விடுவாக."

"ஏட்டி, அது அழியாதுட்டி."

அவள் காதில் வாங்கவில்லை. மிச்சமிருந்த மாத்திரைகளைக் குப்பையில் கொட்டினாள். ஐந்து சேலைகளையும் துவைத்து உலர்த்தி மறுபடி உத்தரத்தில் கட்டி, முடிச்சு இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.